மாரீஸ்வரி படித்த துறை

எங்கள் துறையின் பெயரை மாற்றிய மறுநாள் காலையில், நேற்று வரைக்கும் கட்டடம் நின்ற இடத்தில் கட்டடம் நிற்கவில்லை. வேப்பமரம் நின்றது, மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள் நின்றது, எப்போதும் வாசற்படியில் படுத்துக் கிடக்கும் நொண்டி நாய் படியில்லாமல் நின்றது, பையும் டிபன் பாக்ஸுமாக வந்த நாங்களும் நின்றோம், கட்டடம் மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிளாக்குக்கும் எம்.சி.ஏ. லேபுக்கும் நடுவில், ஒரு விரல் நுழையாத நெருக்கத்தில், அங்கேயே அஸ்திவாரம் தோண்டிக் கட்டினாற்போல நின்றது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. உள்ளே படுத்திருந்த வாட்ச்மேன் குமரேசன் அண்ணாச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு வெயில் வலப்பக்கமா வருது என்று மட்டும் சொல்லி, பாயை இடப்பக்கத்துச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். துறைத்தலைவர் வேதமாணிக்கம் சார் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சரியாத்தான் நிக்குது என்றார். எங்கள் படிப்பில் அதுதானே முதல் பாடம்: ஒத்த பொருள் ஒத்த பொருளின் பக்கத்தில், பொருள் மாறினால் எண் மாறும், எண் மாறினால் அலமாரியில் இடம் மாறும். புத்தகத்துக்கு உண்டான சட்டம் கட்டடத்துக்கும் உண்டு போலிருக்கிறது என்று நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புது இடத்துக்குப் போனோம், நாயும் வந்தது.

அதுவரை அதற்கு நூலக அறிவியல் துறை என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே துணைவேந்தருக்குத் தும்மல் வரும். துறை விழாவில் அவர் பேசிய பேச்சை, கோட்டுப் பித்தானைத் தடவுகிற இடம் உட்பட, இப்போது கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன்: "பிள்ளைகளே, உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்? தூசி தட்டுகிற படிப்பு இனி யாருக்கு வேண்டும்? தரவு, பிள்ளைகளே, தரவு." தரவு என்கிற சொல்லை அவர் சும்மா சொல்ல மாட்டார், அல்வாவைப் போல வாய்க்குள் ஒரு புரட்டுப் புரட்டித்தான் விடுவார். விழா முடிந்த கையோடு ஆட்சிக்குழு கூடியது, முந்திரி சாப்பிட்டது, எங்களுக்குத் தகவல் தொழில்நுட்ப மேலாண்மைத் துறை என்று பெயர் வைத்தது. சாயங்காலம் பெயின்டர் வந்து பலகையை எழுதினார், இரவில் பெயின்ட் காய்ந்தது, காலையில் கட்டடம் போயிருந்தது.

எங்களுக்குத் தரவு மேல் கோபம் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிக் கொடுத்திருந்தால் படித்திருப்போம், ஆசையாகவே படித்திருப்போம். பாடத்திட்டத்திலிருந்து பகுப்பாக்கத்தை எடுத்தார்கள், பட்டியலாக்கத்தை எடுத்தார்கள், வாசகர் வந்து ஒன்றைக் கேட்டால் அவருக்கு உண்மையில் வேண்டியது எது என்று பேசிப் பேசிக் கண்டுபிடிக்கிற தேடல் உதவித் தாளையும் எடுத்தார்கள். அந்த இடங்களில் மெஷின் லேர்னிங் என்று எழுதினார்கள், டேட்டா அனலிடிக்ஸ் என்று எழுதினார்கள், பிளாக்செயின் என்றுகூட எழுதினார்கள். எழுதினார்கள், அவ்வளவுதான், நடத்த ஆள் போடவில்லை. இருந்த ஆசிரியர்கள் ஓய்வு பெறப் பெற நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் வேதமாணிக்கம் சாரும், வாரத்தில் பாதி நாள் வேறொரு கல்லூரிக்கு ஓடுகிற கௌரவ விரிவுரையாளர் ஒருவரும் மிஞ்சினார்கள். மெஷின் லேர்னிங் வகுப்பென்றால் ஒரு வீடியோ ஓடும், அதில் ஒருவர் மூச்சு விடாமல் ஆங்கிலம் பேசுவார், பாதியில் கரண்டு போகும், கரண்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்த வீடியோவின் முதல் பாதியில் எங்கள் வகுப்பே பண்டிதர் கூட்டம்.

வேதமாணிக்கம் சாருக்குச் சண்டை போடத் தெரியாது. பெயர் மாறினால் பழைய பெயரிலிருந்து புதுப் பெயருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடி வருகிறவர் தொலைந்துபோவார். ஆயுளெல்லாம் பட்டியல் அட்டை எழுதிய கைக்குத் தெரிந்தது அதுதான். ஆகவே கட்டடம் போன காலி இடத்தில் ஒரு தகரப் பலகை நட்டார். நூலக அறிவியல் துறை, அதன் கீழே காண்க, அதன் கீழே தகவல் தொழில்நுட்ப மேலாண்மைத் துறை. தபால்காரர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, பரவாயில்லை, விவரமானவங்க என்று சைக்கிளைத் திருப்பினார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் எங்கள் ஜன்னல் வழியாக ஏ.சி. குழாயை இழுத்துக்கொண்டார்கள். எம்.சி.ஏ. பிள்ளைகள் எங்கள் வாசிப்பறையில் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். கட்டடம் போன காலி இடத்தில் நிர்வாகம் பெரிய பெரிய எழுத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை நட்டு, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வசதி செய்தது. அடுத்த ஆட்சிக்குழுவில் தகவல் வணிகப் பகுப்பாய்வுத் துறை என்று மாற்றினார்கள், கட்டடம் வணிகவியல் துறையின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது, சார் இன்னொரு பலகை நட்டார், வணிகவியல் பிள்ளைகள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடப் பழகினார்கள். அதற்கடுத்த ஆட்சிக்குழுவில் பெயர் வைத்தவர் யாரோ முந்திரியை ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்: புத்தாக்கத் தொழில்முனைவு மற்றும் தரவுத் தீர்வுகள் துறை. அந்தப் பெயருக்குப் பல்கலைக்கழகத்துக்குள் இடமே இல்லை. மறுநாள் தேடினோம், வளாகத்தில் இல்லை. டவுன் பஸ் ஸ்டாண்டில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிற ஏஜென்சிக்கும் நடுவில் நின்றது. குமரேசன் அண்ணாச்சி வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டு எங்களை ஒரு காலைப்பொழுதில் சாப்பிட்டு ஜீரணித்துவிட்டது. டவுன் பஸ் கொஞ்சம் தள்ளி நின்றது, கண்டக்டர்கள் "கோர்ட்டு, பெரியாஸ்பத்திரி, டேட்டா தீர்வெல்லாம் எறங்கு" என்று கத்தப் பழகினார்கள், வாழைப்பழக்காரி வண்டியை எங்கள் நிழலுக்கு நகர்த்தினாள், நகராட்சிக்காரர்கள் வந்து எங்களுக்கும் சேர்த்துக் கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். மின்விசிறி ஓடுவதைப் பார்த்து ஜனங்கள் உள்ளே வந்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தார்கள், போனுக்குச் சார்ஜ் போட வந்தார்கள், வந்து உட்கார்ந்தவர்கள் சும்மா இராமல் கேட்கவும் ஆரம்பித்தார்கள்: இந்த மாத்திரை எதற்கு, பட்டாவில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், ஆதாரில் அப்பா பெயர் தப்பாக இருந்தால் யாரைப் பார்க்க வேண்டும். தேடல் உதவித் தாளைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியிருந்தார்களே தவிர எங்கள் கையிலிருந்து தூக்க முடியவில்லை, நாங்கள் நாள் பூராவும் அதைத்தான் செய்தோம்.

அதில் கெட்டி மாரீஸ் அக்கா. க. மாரீஸ்வரி, கடைசி வருஷம், விடுதியில் என் அறைத்தோழி. வீட்டு நிலைமையால் நடுவில் பல வருஷம் படிப்பை விட்டு, திரும்பி வந்து சேர்ந்தவள், எங்கள் எல்லோரையும்விட மூத்தவள். நான் ஐந்தாண்டுப் படிப்பின் முதல் வருஷத்து வால். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, துபாய் மேப் இருக்கா தாயி என்றார். நானாக இருந்தால் மேப்பை விரித்துக் காட்டி அனுப்பியிருப்பேன். அக்கா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, துபாயில் எந்தப் பக்கம் பார்க்கணும்னு கேட்டு, யார் இருக்காங்கன்னு கேட்டு, கடைசியாக எப்போ பேசினாங்கன்னு கேட்டு, மகனிடமிருந்து போன் வந்து ரொம்ப நாளாகிறது என்கிற இடத்துக்கு அவரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு வந்து, கம்பெனிப் பெயரை வைத்துத் தேடி, அந்தக் கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கிற முகாமின் எண்ணை எடுத்து, அங்கேயே உட்காரவைத்துப் பேசவைத்தாள். பெரியவர் அழுதுகொண்டே மகனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வாசிப்பறையே சந்தோஷமாகக் கேட்டது.

பல்கலைக்கழகமும் சந்தோஷப்பட்டது. மக்களிடம் சென்ற முதல் துறை என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தது, துணைவேந்தர் வந்து வாழைப்பழக்காரியோடு படம் எடுத்துக்கொண்டார், தரம் பார்க்க வந்த குழு எங்கள் படிக்கட்டில் நின்று கைதட்டியது. நடத்த ஆள் வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை அதே படிக்கட்டில் வைத்து வாங்கிக்கொண்டு, பார்க்கலாம் பிள்ளைகளே என்றார் துணைவேந்தர். எதைப் பார்ப்பார் என்று சொல்லவில்லை.

அந்த வருஷம், ஊரே மறந்துபோன காலத்துக்கு அப்புறம், அரசு நூலகங்களுக்கு நூலகர் எடுத்தார்கள். மாரீஸ் அக்கா தேர்வு எழுதினாள், நல்ல இடத்தில் வந்தாள், சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட தாளில் தகுதி என்கிற இடத்தில் நூலக அறிவியல் பட்டம் என்றிருந்தது. அப்போதுதான் கைக்கு வந்திருந்த அக்காவின் பட்டத்தில் புத்தாக்கத் தொழில்முனைவு மற்றும் தரவுத் தீர்வுகள் என்றிருந்தது. இன்னொன்றும் இருந்தது: வயது வரம்பு. இந்தத் தடவை அக்கா அதன் விளிம்பில் நின்றாள். அடுத்த தடவை இவர்கள் கூப்பிடும்போது அவள் அதைத் தாண்டியிருப்பாள். இதுதான் கடைசிப் பஸ்.

இரண்டு பட்டமும் ஒன்றுதான் என்று ஒரு சமநிலைச் சான்று வாங்கினால் போதும் என்றார்கள். அக்கா பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். பதிவாளர் நல்லவர் மாதிரியே பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அம்மா போடுவார்: நூலக அறிவியல் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரணும்மா, ஆனா அப்படியொரு துறை இப்போ இல்லையேம்மா, இப்போ இருக்கிற துறை வேற பேருல இருக்கும்மா, அவங்க நூலக அறிவியலைப் பத்தி கையெழுத்துப் போட அதிகாரம் கெடையாதும்மா, பழைய துறையில போயிக் கேளும்மா. பழைய துறை இருந்த இடத்துக்குப் போனோம். பலகை, காண்க என்றது. அந்தப் பலகை காட்டிய இடத்துக்குப் போனோம், அங்கேயும் ஒரு பலகை, காண்க. வணிகவியல் பக்கம் போனோம், காண்க. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தோம், வேதமாணிக்கம் சார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைவிடப் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார், அவர் போட்ட கையெழுத்தைப் பதிவாளர் அம்மா அம்மா என்று சொல்லியே திருப்பி அனுப்பியிருந்தார். நான் பார்த்த வரைக்கும் ஒருவர்கூடக் கெட்டவராக நடந்துகொள்ளவில்லை. எல்லோரும் எங்களுக்கு வழி சொன்னார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அக்கா அழவில்லை. நீலச் சேலையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "போறேன் இசக்கி. இல்லைங்கிறத முகத்துக்கு நேரா சொல்லட்டும்," என்றாள். காலையில் முதல் பஸ்ஸில் ஏறி, சரிபார்ப்பு நடக்கிற நகரத்துக்குப் போனாள்.

அன்றைக்கு எங்களுக்கு மெஷின் லேர்னிங். வீடியோ பாதியில் நின்றது. இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. நான் செய்கிற சேட்டைகளெல்லாம் இப்படிக் கரண்டு இல்லாதபோது வந்தவைதாம். பெயர் வைத்தால் கட்டடம் அந்தப் பெயரின் பக்கத்தில் போய் நிற்கும். பெயரை அவர்கள்தான் வைக்க வேண்டுமென்று எந்தச் சட்டம் சொல்கிறது? குமரேசன் அண்ணாச்சி ஏணி கொண்டுவந்தார், மூன்றாவது பெயருக்கு வாங்கியதில் மிஞ்சிய கறுப்புப் பெயின்ட் மாடிப்படிக்கடியில் இருந்தது, செல்போன் கடைக்காரர் பிரஷ் கொடுத்தார். பழைய பெயரை அடித்துவிட்டு எழுதினேன்: மாரீஸ்வரி படித்த துறை.

இறங்குவதற்குள் வேதமாணிக்கம் சார் வந்துவிட்டார். கீழே நின்று அண்ணாந்து படித்தார். திட்டுவார் என்று நினைத்து நான் என்னென்னமோ தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி எழுத்து கோணலா இருக்கு என்று சொல்லி, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பெயின்ட் காய்ந்ததும் போய்விட்டது. பஸ் கிளம்புகிற குலுக்கல்கூட இல்லை. ஜன்னலில் செல்போன் கடை தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் அதே ஜன்னலில் சீமைக்கருவேலம் தெரிந்தது. நகரத்தில் ஏது கருவேலங்காடு என்று எட்டிப் பார்த்தோம். கரிசல் பொட்டல், வெடிமருந்து வாசனை, ஒரு தகரக் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல எங்கள் கட்டடம். கொட்டகைக்குள் வரிசையாக உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள், நிழல் வந்ததே என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒட்டினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள். காதோரம் நரை, பத்து விரலிலும் பசை. வாசலில் செருப்பைக் கழற்றினாள். அலமாரியில் ஒரு புத்தகம் தலைகீழாக இருந்தது, கை படாமல் முழங்கையால் அதை வெளியே தள்ளி, என்னிடம், "ஏ புள்ள, இதை நேரா வையி," என்றாள்.

வேதமாணிக்கம் சாருக்கு முகம் வெளிறியது. இவள் பெ. மாரீஸ்வரி, எங்களுக்கு ரொம்ப வருஷம் முன்னால் இதே துறையில் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவள். எங்க மாரீஸ் அக்கா இல்லையே இது என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"சார்," என்றாள் அவள், "ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா இனிசியல் போட்டுப் பிரிச்சுக் காட்டணும். அதை விட்டதுக்கு எனக்கு நீங்க அரை மார்க் கொறச்சீங்க."

தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பட்டியல் அட்டைகளில் அதற்காகவே சிவப்பு மையால் வட்டம் போட்ட மனிதர், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றும் அந்த இனிசியலை விட்டுவிட்டார். தப்பும்மா என்றார், அவளிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நாங்கள் எங்கே போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்பதை நான் சொன்னேன், பதிவாளர் குரலில் பதிவாளரையும் துணைவேந்தர் குரலில் துணைவேந்தரையும் சொன்னேன், தரவு என்ற சொல்லைப் புரட்டிய இடத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அக்காவுக்கு எத்தனை வயசு என்று கேட்டாள். சொன்னேன். உடனே ஏணியைச் சாய்த்து ஏறி, பெயருக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் க. என்று எழுதினாள், பசை விரலால் எழுதியும் அந்த ஒரு எழுத்து, நான் எழுதிய மொத்தத்தையும்விட அழகாக இருந்தது. கொட்டகையிலிருந்து சூப்பர்வைசர் வந்து, யாரைக் கேட்டு எந்திரிச்ச என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அக்காவை முற்பகலில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டடத்தின் நிழலில் பெயின்ட் காயாமல் எங்களை வதைத்தது. ஆளுக்கொரு பட்டாசு அட்டையை எடுத்து விசிறினோம், குமரேசன் அண்ணாச்சி வாயால் ஊதினார், சார் தன் மேல்துண்டை வீசினார், கொட்டகைப் பெண்கள்கூட இரண்டு பேர் வந்து, என்னத்துக்கு என்று கேட்காமலே விசிறினார்கள்.

அப்புறம் நாங்கள் உள்ளே ஓடிவந்தோம், ஜன்னலில் நகரம் வந்தது. தேர்வு அலுவலகம் ஒரு நெடுஞ்சுவருக்குள் இருக்கும், அதற்கு ஒரே ஒரு வாசல் கேட். நாங்கள் எதிரே எங்காவது மரத்தடியில் நிற்போம், அக்கா எங்களைப் பார்த்தால் தெம்பாக இருப்பாள், அதிகாரியிடம் இதோ பாருங்கள் என்று காட்டுவாள், இவ்வளவுதான் என் திட்டம். அலமாரியில் புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இடைவெளி விடுவதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். கட்டடம் அந்தக் கேட்டை அடைத்துக்கொண்டு ஒட்டி நின்றது. அவர்களுடைய கேட்டைத் திறந்தால் எங்கள் பின்வாசல், எங்கள் முன்வாசலைத் திறந்தால் தெரு, அலுவலகத்துக்குள் போகவும் வெளியே வரவும் எங்கள் வாசிப்பறையைத் தவிர வேறு வழி இல்லை. தெருவில் ஷேர் ஆட்டோக்கள் கொஞ்சம் வளைந்து போயின. ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, இரும்புத் தடுப்பொன்றை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

பின்வாசல் வழியாக முதலில் வந்தவள் மாரீஸ் அக்கா. எங்களைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை, அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. அதிகாரி அவள் பட்டத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் படித்தாராம். இது படிப்புப் பேரா கம்பெனிப் பேரா என்றாராம். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்களாம். காகிதங்களைச் சேர்த்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, தகுதியில்லை, அடுத்து யாரு என்றாராம். அவ்வளவையும் சொல்லிவிட்டு அக்கா தெருவாசலைப் பார்த்து நடந்தாள். நடுவில் பெ. மாரீஸ்வரி நின்றாள்.

"எங்க போற?" என்றாள்.

"வீட்டுக்கு."

"உக்காரு."

முன்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டு, பூட்டு மாட்டி, சாவியைப் பசையோடு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அக்கா போய்த் தினமும் உட்காருகிற கவுண்டரில் உட்கார்ந்தாள், நீலச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

சாப்பாட்டு வேளைக்கு அலுவலகமே கிளம்பி வந்தது. முன்னால் அந்த அதிகாரி, பின்னால் சிரித்த மேசைகள், அதற்குப் பின்னால் டிரைவர்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார்கள், ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தார்கள், ஒருவர் போனில் யாரையோ கூப்பிட, அந்தப் பக்கம் இருந்தவர்கள், எந்தத் துறை வழியை அடைத்திருக்கிறது, பெயரைச் சொன்னால்தான் புகாரை எடுக்க முடியும் என்றார்களாம். அவர் வெளியே எட்டிப் பலகையைப் படிக்கப் பார்த்தார், ஜன்னலிலிருந்து தெரியவில்லை. கடைசியில் அதிகாரி கவுண்டருக்கு வந்தார்.

"என்ன சார் வேணும்?" என்றாள் அக்கா. துபாய்ப் பெரியவரைக் கேட்ட அதே குரல்தான்.

"வழி வேணும். வெளிய போகணும்."

"எது வழியா போகணும் சார்?"

"இது வழியாத்தான்மா. வேற வழி எங்க இருக்கு?"

"இது என்னன்னு சொன்னீங்கன்னா வழி சொல்றேன்."

அவர் கோபமாகச் சுற்றிப் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார், புத்தக முதுகுகளில் ஒட்டிய எண்களைப் பார்த்தார், பட்டியல் அட்டைப் பெட்டகத்தைப் பார்த்தார், ஏணியில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். காலையில் அவளுடைய காகிதத்தைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"லைப்ரரி," என்றார்.

"லைப்ரரிய எப்படி நடத்தணும்னு சொல்லித்தர்ற எடம் சார். அதுக்கு என்ன பேரு?"

பின்னால் நின்ற கூட்டத்துக்குப் பசி. சொல்லித் தொலைங்க சார் என்று யாரோ முனகினார்கள். அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"நூலக அறிவியல் துறை."

"எழுதிக் குடுங்க சார். நான் இங்கதான் படிச்சேன்."

அவர் எழுதினார். நின்றுகொண்டே எழுதினார், மேசைக்காரர் ஒருவர் ஓடிப்போய் முத்திரை கொண்டுவந்தார். மாரீஸ் அக்கா அதை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தாள், தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள், தேதி போட்டதும் வாங்கி மை காயும் வரைக்கும் ஊதி, பைலுக்குள் வைத்தாள். நாங்கள் மேசையைத் தட்டினோம். வேதமாணிக்கம் சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அதிகாரி முன்வாசலுக்குப் போனார். "தொறம்மா," என்றார்.

பெ. மாரீஸ்வரி கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். "நானும் இங்கதான் படிச்சேன் சார்," என்றாள். "என் பட்டத்துல பேரு சரியா இருக்கு. நூலக அறிவியல்னுதான் போட்டிருக்கு."

"அப்ப ஒனக்கு என்னம்மா பிரச்சினை? தேர்வு எழுத வேண்டியதுதானே."

"வைக்கலையே சார். வருசா வருசம் பேப்பரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க வைக்கிறப்ப எனக்கு வயசு தாண்டிருச்சு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார், குரலை ரொம்பத் தணித்து, அதுக்கு என் கையில ஒண்ணும் இல்லம்மா, அதுக்கு விதியில் இடமில்லை என்றார். அந்த மாதிரி அதிகாரிக் குரலை நான் எத்தனையோ தடவை பேசிக் காட்டியிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

"சரி சார்," என்றாள் பெ. மாரீஸ்வரி. வாசிப்பறை நாற்காலி ஒன்றை இழுத்து, கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மாரீஸ் அக்கா பைலை மார்போடு அணைத்தபடி கவுண்டரை விட்டு எழுந்து வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பெ. மாரீஸ்வரி சாவியை மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்துபோன பசையைக் கட்டைவிரலிலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். கதவைத் திறக்கச் சொல்லி எங்களில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.